மூலமும் நிறமும்

சிங்கப்பூரில் தமிழர் 'தேக்கா' என்று வழங்கும் வட்டாரத்தில், சிராங்கூன் சாலையை ஒட்டி லிட்டில் இந்தியா பெருவிரைவு ரயில் நிலையம் அமைந்துள்ளது. 2003ஆம் ஆண்டு முதல் வடகிழக்குப் பாதையும், 2015ஆம் ஆண்டின் இறுதி முதல் டௌன்டவுன் பாதையும் அந்நிலையத்தைத் தொட்டுச் செல்கின்றன. வரைபடத்தில் முன்னது ஊதா, பின்னது நீலம். ஊரிலிருந்து புதிதாக வந்த பெரியவர் ஒருவர்க்கு வழி சொல்லுங்கால் நாம் பாதையின் பெயரைக் கூறுவதில்லை. "ஊதாக் கோட்டில் ஏறுங்கள், ஐயா" என்கிறோம். அந்த ஊதா தண்டவாளத்தில் இல்லை. வண்டியின் ஓட்டத்திலும் இல்லை. வரைபடத்தைப் பார்ப்பவர் கண்ணுக்காகவே அஃது இடப்பட்டது. நிறம் இல்லாவிடினும் வண்டி ஓடும்; பயணிதான் தடுமாறுவார்.

இதனை முதற்கண் கூறுவதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் தமிழாசிரியர் பயிற்சி வகுப்பொன்றில், ஆசிரியர் பலரும் கூடித் திருத்தத்தக்க விக்கிப் பக்கமொன்றைத் திரையில் காட்டினேன். கணினிக்குத் தமிழ்ச் சொற்களால் கட்டளை இடும் நிரல் ஒன்று அப்பக்கத்தில் இருந்தது. அதன் சொற்கள் சில நீலமாகவும், சில பச்சையாகவும், மேற்கோளுக்குள் இருந்தவை சிவப்பாகவும் தோன்றின. முன்வரிசையில் இருந்த மூத்த ஆசிரியை ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஐயா, இது பாடமா, கோலமா?" என்று வினவினார். "வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் எழுதியதைத்தானே இத்தனை காலம் படித்தோம், படிப்பித்தோம்? சொல்லுக்குச் சொல் சாயம் பூசினால்தான் பிள்ளைகளுக்கு விளங்கும் என்றால், நாளை திருக்குறளுக்கும் சாயம் பூசச் சொல்வீர்களோ?" என்றும் கேட்டார். அவையினர் நகைத்தனர்; நானும் நகைத்து, ஏதோ ஒரு விடை கூறி அடுத்த பாடத்துக்குச் சென்றுவிட்டேன். அவ்விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அவர் வினாவுக்குள் ஒரு வரலாறு அடங்கிக் கிடந்தது என்பது பிறகே எனக்குப் புலனாயிற்று.

ஓலையில் ஒரே நிறம்

ஓலைச்சுவடிக்கு நிறம் ஒன்றே. எழுத்தாணியால் கீறி, கீறலின்மேல் கரியைத் தடவித் துடைத்தால், எழுத்து மட்டும் கறுத்து நிற்கும். மெய்யெழுத்தும் எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் விதித்திருந்தும், புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அஞ்சி எழுதுவோர் பெரும்பாலும் அதனை விடுத்தனர். அதனால் சுவடியில் ககர மெய்யும் அகரம் ஏறிய ககரமும் ஒரே உருவின. எகரம் குறிலா நெடிலா என்பதைக் கண் சொல்லாது. பொருள்தான் சொல்ல வேண்டும். ரகரத்துக்கும் நெடிலைக் குறிக்கும் காலுக்கும் வேறுபாடு இல்லை. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் ஏகார ஓகாரங்களுக்கு வேற்றுருவம் வகுத்த பின்னரே இத்தொல்லையில் ஒரு பகுதி நீங்கிற்று.

சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெளியும் இல்லை, நிறுத்தக்குறியும் இல்லை, செய்யுளை அடி அடியாக மடக்கி எழுதும் வழக்கமும் இல்லை. புணர்ச்சி விதி அறிந்தவன் சொல்லைப் பிரித்தான்; யாப்பு அறிந்தவன் அடியைப் பிரித்தான். இலக்கணம் அறியாதவனுக்கு அவ்வோலை கீறல்களின் வரிசையாகவே இருந்தது. இன்று நாம் மாணவர்க்குப் பதம் பிரித்தலைத் தேர்வுக்குரிய பயிற்சியாகக் கற்பிக்கிறோம். அன்று அஃது இல்லாமல் நூலை வாய்விட்டு ஒருமுறை படிக்கவும் இயலாது.

இதனினும் பெரிய இடர் ஒன்று இருந்தது. இக்கட்டுரையின் பொருளுக்கு நெருங்கியதும் அதுவே. மூலம் எங்கு முடிகிறது, உரை எங்குத் தொடங்குகிறது என்பதைச் சுவடி தெளிவாகக் காட்டுவதில்லை. உரைக்குள்ளேயே உரையாசிரியர் பிற நூல்களிலிருந்து அடிகளை எடுத்தாளுவார். நூலின் பெயரைப் பலவிடத்தும் கூறமாட்டார். மேற்கோள் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் குறி ஏதும் இராது. சீவக சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் வகுத்த உரையைப் பதிப்பிக்க முற்பட்ட உ.வே. சாமிநாதையர் பட்ட பாட்டை அவருடைய 'என் சரித்திரம்' படித்தோர் மறந்திரார். உரையினுள் கலந்து நின்ற வேற்று நூலடிகளைப் பிரித்தெடுத்து, அவை எந்நூலைச் சேர்ந்தவை எனத் தேடிய தேட்டமே அவரைச் சங்க நூல்களின் பக்கம் ஈர்த்தது. சிந்தாமணி 1887இலும், பத்துப்பாட்டு 1889இலும், புறநானூறு 1894இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன. அச்சிட்ட பக்கத்தில் மூலம் தனியே நின்றது. உரை தனியே நின்றது. மேற்கோள்களுக்கு இடம் சுட்டும் குறிப்புகள் அடியில் நின்றன. கறுப்பு மை ஒன்றே ஆயினும், எழுத்தின் அளவாலும் இடத்தாலும் பக்கம் பாகுபட்டது.

சாமிநாதையர் செய்ததை ஒரு பொறி செய்திருக்க இயலுமா என்று கேட்டால், இயலாது என்பதே விடை. மேற்கோளுக்குக் குறியே இல்லாத இடத்தில் அதனைக் கண்டறிந்தது அவர்தம் புலமை. குறி இருக்கும் இடத்தில் அதனைப் பின்பற்றிப் பகுப்பது மட்டுமே பொறிக்குக் கைவரும். இந்த வேறுபாட்டைப் படிப்போர் மனத்தில் கொள்ளல் வேண்டும்.

ஈயத்திலிருந்து திரைக்கு

சிந்தாமணி சென்னையில் வெளிவந்த அதே 1887இல், சிங்கப்பூரில் சி.கு. மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதரின் 'சிங்கை நகர் அந்தாதி' இங்கு அச்சேறியதும் அவ்வாண்டில்தான். ஈய எழுத்தைக் கோத்தவர்கள் தலைப்புக்குப் பெரிய எழுத்தும், செய்திக்குச் சிறிய எழுத்தும், பத்திக்குப் பத்தி வெளியும் வைத்தனர். ஆறுமுக நாவலர் தமிழ் உரைநடையில் பரவச் செய்த நிறுத்தக்குறிகள் அதற்குள் அச்சில் நிலைபெற்றிருந்தன. இவற்றை நாம் அலங்காரம் என்று கருதுவதில்லை. இன்று இவை இல்லாத பக்கத்தைக் கண்டால் அச்சுப்பிழை என்போம்.

மேலை நாட்டார் தோலில் எழுதிய காலத்தில் பிரிவுத் தலைப்புகளையும் வழிபாட்டுக் குறிப்புகளையும் சிவப்பு மையால் எழுதினர். அப்பழக்கத்தினின்றே, இலத்தீனில் சிவப்பைக் குறிக்கும் சொல்லடியாக, 'ரூப்ரிக்' என்னும் சொல் பிறந்தது. நாம் மதிப்பெண் இடும் அளவுகோலுக்கும் இன்று அச்சொல்லையே வழங்குகின்றோம் என்பதை ஆசிரியர்க்கு நினைவூட்ட வேண்டுவதில்லை!

கணினி நிரல் அச்சேறத் தொடங்கியபோதும் இத்தேவை உடனே எழுந்தது. 1960இல் வகுக்கப்பட்ட அல்கால் என்னும் நிரல்மொழியை நூல்களில் அச்சிட்டோர், மொழிக்கே உரிய கட்டளைச் சொற்களைத் தடித்த எழுத்திலும், நிரலர் தாமே இட்ட பெயர்களைச் சாதாரண எழுத்திலும் அமைத்தனர். நிரலில் இவ்விருவகைச் சொற்களும் ஒன்றோடொன்று கலந்தே நிற்கும். 'வரை' என்பது மொழியின் கட்டளையா, நான் இட்ட பெயரா என்று ஐயம் எழுந்தால் வாசிப்பு அங்கேயே நின்றுவிடும்.

இனி, திரையில் நிறம் வந்த வரலாறு. இதனைத் தமிழாசிரியர் கேட்டால் வியப்படைவர். இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்றாகக் கருதப்படும் லெக்ஸ் என்னும் பதிப்பி, ஓர் அகராதிக்காகப் பயன்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைக் கணினியில் ஏற்றும் பணி 1980களின் நடுவில் நடந்தது. அவ்வகராதியின் ஒவ்வொரு பதிவிலும் தலைச்சொல், ஒலிப்பு, சொற்பிறப்பு, பொருள், ஆண்டு, மேற்கோள் என்று பல கூறுகள் நெருக்கமாகக் கிடக்கும். அவற்றைப் பிரிக்கும் குறியீடுகளும் ஊடே கலந்திருக்கும். ஒரே நிறத் திரையில் இதனைத் திருத்துவோரின் நிலை, சுவடி பார்த்தவர் நிலையே. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த மைக் கௌலிஷா 1985இல் எழுதிய அப்பதிப்பி, திருத்துவோர் விசையைத் தட்டத் தட்டவே கூறுகளைப் பகுத்து, கூற்றுக்கு ஒரு நிறம் காட்டிற்று. அகராதியின் இரண்டாம் பதிப்பு 20 தொகுதிகளாக 1989இல் வெளிவந்தது. நிரலர்க்கு இன்று இன்றியமையாத கருவி ஒன்றின் தொடக்கத்தில் சொற்களைத் தொகுத்தோர் நின்றனர் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

நிரலின் கூறுகளை இவ்வாறு நிறத்தால் பிரித்துக் காட்டுவதை இக்கட்டுரையில் 'நிறப்பகுப்பு' என்றே குறிக்கின்றேன்.

விக்கியில் ஒரு வேலி

'விக்கி' என்பது ஹவாய் மொழியில் விரைவு எனப் பொருள்படும் சொல். அமெரிக்கரான வார்டு கன்னிங்காம் ஹொனலூலு விமான நிலையத்துப் பேருந்தின் பெயரிலிருந்து அதனை எடுத்து, படிப்பவர் எவரும் உடனே திருத்தத்தக்க தம் இணையத்தளத்துக்கு 1995 மார்ச்சில் சூட்டினார். விக்கிப்பீடியா 2001இலும், தமிழ் விக்கிப்பீடியா 2003இலும் தோன்றின. பின்னதற்கு அடிகோலியவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன்.

விக்கியில் எழுதுவோர்க்கெனச் சுருக்கக் குறிகள் சில உண்டு. வரியின் முதலில் உடுக்குறி இட்டால் அது பட்டியல் ஆகும். எண்குறியீட்டுச் சதுரக் கட்டம் இட்டால் வரிசை எண் வரும். மேற்கோள்குறி ஒற்றையை இருமுறை இட்டால் எழுத்து சாயும். இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதினால் அது வேறு பக்கத்துக்கு இணைப்பாகும். கட்டுரை எழுதுவோர்க்கு இவை எளிமை. நிரலை ஒட்டுவோர்க்கு இவையே இடையூறு. ஏனெனில் இக்குறிகள் யாவும் நிரல்மொழிகளிலும் வேறு பொருளில் வழங்குவன. பைத்தான் மொழியில் சதுரக் கட்டக் குறி 'இனி வருவது விளக்கவுரை' எனப் பொருள்படும். விக்கியோ அதனை 1, 2, 3 என எண்ணத் தொடங்கும். பைத்தானில் வரியின் தொடக்கத்து வெளி பொருளுடையது. எத்தனை வெளி விட்டோம் என்பதைக் கொண்டே எந்தக் கட்டளை எதற்குள் அடங்கும் என்று அது தீர்மானிக்கும். இணையப் பக்கமோ வெளிகளைச் சுருக்கி ஒன்றாக்கிவிடும். ஒட்டியவர் ஒரு நிரலை ஒட்ட, படிப்பவர் வேறொன்றைக் காண்பர்.

இந்நிலையில்தான் செருகுநிரல் உதவிக்கு வருகிறது. விக்கி மென்பொருளோடு பின்னர்ச் செருகப்படும் சிறு துணை மென்பொருளே செருகுநிரல். எழுதுவோர் செய்ய வேண்டியது சிறிதே: நிரலுக்கு முன்னே கோண அடைப்புக்குள் ஒரு தொடக்கக் குறி, அதனுள் நிரல்மொழியின் பெயர்; நிரலுக்குப் பின்னே ஒரு முடிவுக் குறி. இவ்விரு குறிகளுக்கும் இடைப்பட்டதை விக்கி தன் விதிகளால் பொருள்கொள்ளாது. வெளி வெளியாகவே இருக்கும். உடு உடுவாகவே இருக்கும். உரைக்கு நடுவே மூலத்தைச் சுற்றி வேலி கட்டியது போன்றது இது. பலர் நிறத்தையே இதன் பயன் என்று எண்ணுகின்றனர். என் கணிப்பில் முதற்பயன் இந்த வேலிதான்.

வேலிக்குள் இருப்பது பகுக்கும் நிரலிடம் ஒப்படைக்கப்படும். அது நிரலை இயக்கிப் பார்ப்பதில்லை. அதன் கருத்தையும் அறியாது. எழுத்துகளை முதலிலிருந்து நெடுகப் பார்த்து, தன்னிடம் உள்ள விதிகளுள் எது பொருந்துகிறது என்று ஒவ்வோரிடத்திலும் சோதிக்கும். விளக்கவுரையின் குறி கண்டால் வரி முடியும் வரை விளக்கவுரை. மேற்கோள்குறி கண்டால் அடுத்த மேற்கோள்குறி வரை தொடர்ச்சரம். கட்டளைப் பட்டியலில் உள்ள சொல் எனில் கட்டளை, எஞ்சியது பெயர். இவ்வாறு பிரித்த ஒவ்வொரு துண்டுக்கும் 'நீ இன்ன வகை' எனப் பெயர்ப்பட்டை ஒட்டிவிடும். பட்டைக்கு நிறம் தருவது பக்கத்தின் ஒப்பனை ஏடு. ஆகவே ஒரே பகுப்புக்கு ஒருவர் நீலமும் மற்றவர் பழுப்பும் தரலாம், பகுப்பு மாறாது. பெயர், வினை, இடை, உரி என்று நன்னூலார் சொல்லை வகுத்தது இலக்கணம். வகுப்பறையில் வினைக்குச் சிவப்புச் சுண்ணக்கட்டி பிடிப்பது நம் விருப்பம். அதுபோன்றதே இதுவும். நெடும்பாட்டுகளின் ஓரத்தில் அடியெண் இடுவது போல, வரியெண் காட்டவும் இச்செருகுநிரலுக்குத் தெரியும்.

மீடியாவிக்கி மென்பொருளில் இப்பணியை நெடுங்காலம் செய்தது நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் மெக்னி உருவாக்கிய கெஷி. 2015இல் அதற்குப் பதிலாக, ஜெர்மானியரான கியோர்க் பிராண்டில் 2006இல் தொடங்கிய பிக்மென்ட்ஸ் அமர்த்தப்பட்டது. ஆயினும் செருகுநிரலின் பெயரில் பழைய கெஷி என்னும் ஒட்டு நீங்கவில்லை. ஆள் மாறியும் பலகை மாறாத கடைகள் சிராங்கூன் சாலையிலும் உண்டு.

உயிர்மெய் பிளந்த கதை

இதுவரை கூறியதில் தமிழுக்கென்று தனி இடர் எதுவும் இல்லை. தமிழ் எழுத்தே நிரலுக்குள் புகும்போது தொடங்குவதுதான் நமது கதை.

இணையத்தில் தமிழ் ஏறியதில் சிங்கப்பூருக்குரிய பங்கை இளைய மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் தாங்கிய இணையத்தளத்தை அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். அதில் தமிழ் தமிழாகவே தோன்றுதற்கு உழைத்தவர் தமிழாசிரியராகவும் எழுத்தாளராகவும் விளங்கிய நா. கோவிந்தசாமி. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ அவருக்குத் துணைநின்றார். 1997 மே மாதத்தில் தமிழ் இணையத்துக்கான முதல் மாநாடு இங்குக் கூடியது. 2000இல் இங்கு நடந்த மாநாட்டையொட்டி உத்தமம் என்னும் உலக அமைப்பு உருப்பெற்றது. நா. கோவிந்தசாமி அதனைக் காண இல்லை. 1999 மே மாதத்திலேயே, ஐம்பதை அண்மையில் கடந்திருந்த அகவையில், அவர் மறைந்தார். அவர்தம் 'கணியன்' எழுத்துருவில் வெளியானவற்றைப் படிக்க அவ்வெழுத்துரு வேண்டும். வேறொருவர் ஆக்கத்தைப் படிக்க வேறோர் எழுத்துரு வேண்டும். எழுத்துரு இல்லையேல் திரையில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிசைகட்டி நிற்கும். அக்காலத்தில் மின்னஞ்சல் வழித் தமிழ் படித்தோர்க்கு இத்துன்பம் மறவாது.

ஒருங்குறி வந்து இத்துன்பம் தீர்ந்தது. ஆயின் ஒருங்குறி தமிழுக்கு இடம் தந்த முறையில் ஒரு நுட்பம் உண்டு. உயிரெழுத்துகளுக்கும், அகரமேறிய மெய்களுக்கும் தனித்தனி எண்கள் உண்டு. அவற்றை அது 'எழுத்து' என்னும் வகையில் வைத்துள்ளது. கால், கொம்பு, விசிறி, புள்ளி ஆகியவற்றுக்கும் எண்கள் உண்டு. அவற்றையோ 'சேர்குறி' என்னும் வேறு வகையில் வைத்துள்ளது. 'தமிழ்' என்பது நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கு அது த, ம, இகர விசிறி, ழ, புள்ளி என ஐந்து. அவ்வைந்தில் மூன்றே எழுத்து; இரண்டு குறி.

நிறப்பகுப்பு விதிகளை எழுதுவோர், 'சொல் என்பது எழுத்தும் எண்ணும் தொடர்ந்து வருவது' என்று ஒருவரியில் வகுத்துவிடுவர். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் அவ்விதியை ஓட்டினால், 'தமிழ்' என்னும் சொல் 'தம' என்றும் 'ழ' என்றும் இரு துண்டாகும். விசிறியும் புள்ளியும் எந்தச் சொல்லிலும் சேராத அநாதைகளாகும். பகுக்கும் நிரல் அவற்றைப் பிழை என எண்ணிச் சிவப்புக் கட்டத்தில் அடைக்கும். சில வேளைகளில் தாங்குவதற்கு மெய்யின்றி, புள்ளியிட்ட வெற்று வட்டத்தின்மேல் விசிறி தொங்குவதையும் கண்டிருக்கிறேன். உயிரும் மெய்யும் கூடிப் பிறப்பது ஓரெழுத்து என்பதை நம் தொடக்கநிலைப் பிள்ளையும் அறியும். அவ்விதியை எழுதியவர் அறிந்திலர். அவரைக் குறைகூறுவதற்கில்லை, அவர்க்குச் சொல்ல வேண்டியவர் நாமல்லவா?

மொழியே ஏற்றாலும் நிறப்பகுப்பு ஏற்காத விந்தையும் இதனால் நேர்கிறது. 2008இன் இறுதியில் வெளிவந்த பைத்தான் மூன்றாம் பதிப்பு, பெயர்களைத் தமிழ் எழுத்தில் இடுவதற்கு இசைவளித்தது. சேர்குறிகளையும் பெயரின் உறுப்பாக அது ஏற்கிறது. நிரல் ஓடும், விடை சரியாக வரும். ஆனால் பழைய விதியைக் கொண்ட பகுப்பின் வழியே பார்க்கும் மாணவனுக்குப் பக்கமெங்கும் சிவப்புக் கட்டங்கள் தெரியும். 'நான் எழுதியது தவறு' என்று அவன் நினைப்பான். தமிழில் எழுதியதே தவறு என்று நினைக்கவும் கூடும். இது சிறு செய்தியன்று. திருத்தமான விதிகளைக் கொண்ட பகுப்பிகள் இன்று உள்ளன. அவற்றுள் பைத்தானின் பெயரிலக்கணத்தையே அப்படியே பின்பற்றுவனவும் உண்டு. எனினும் எல்லா விக்கிகளிலும் எல்லா மொழிகளுக்கும் அவ்வாறு அமைந்திருப்பதாகக் கருதிவிடலாகாது.

கட்டளைகளே தமிழில் அமைந்த நிரல்மொழியும் நமக்கு உண்டு. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' அது. பதிப்பி, ஆனால், இல்லை, வரை, நிரல்பாகம், பின்கொடு, முடி என்பன அதன் கட்டளைச் சொற்களுட் சில. ஆங்கில மொழிகளில் 'இஃப்' முன்னே வர, நிபந்தனை பின்னே வரும். எழிலில் நிபந்தனை முன்னே வர, 'ஆனால்' பின்னே வரும். தமிழ்த் தொடரின் இயல்பு அது. பயிற்சி வகுப்பில் நான் திரையிட்டது இம்மொழி நிரலையே. 'ஆனால்' என்பதற்கு நீலம் தந்து பார்க்கும்போது, வரியின் ஈற்றில் நீலம் நிற்பது கண்ணில் படுகிறது. பக்கத்திலேயே பைத்தான் நிரலை வைத்தால், அங்கு நீலம் வரியின் முதலில் நிற்கிறது. பயனிலை ஈற்றில் வரும் மொழி எது, வாராத மொழி எது என்று இருபது நிமிடம் விளக்குவதை அவ்விரு நீலங்களும் ஒரு நொடியில் காட்டின. கோலமா எனக் கேட்ட ஆசிரியைக்கு அன்று இதனைக் காட்டாமற் போனேனே என்னும் வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

மூடாத மேற்கோள்

பள்ளியின் இணைப்பாட நடவடிக்கைகளுள் ஒன்றாகக் கணினிக் கழகம் நடத்திய காலத்தில், உயர்நிலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் எழில் நிரலை எங்கள் விக்கியில் ஒட்டினாள். ஆறாம் வரி தொடங்கிப் பக்கத்தின் இறுதிவரை யாவும் சிவப்பு. "ஐயா, கணினி கெட்டுவிட்டது" என்றாள். நான் விடை கூறாமல், சிவப்பு எங்கே தொடங்குகிறது என்று மட்டும் பார்க்கச் சொன்னேன். விரலை வைத்து வரிவரியாக மேலே சென்றாள். ஆறாம் வரியில் 'பதிப்பி' என்னும் கட்டளைக்குப் பின் 'வணக்கம்' என்ற சொல்லுக்கு முன்னே மேற்கோள்குறி இருந்தது, பின்னே இல்லை. குறியை இட்டதும் பக்கம் தன் நிறங்களுக்கு மீண்டது. அவளுக்கு அப்போது நச்சினார்க்கினியர் உரையைப் பற்றிச் சொன்னேன். முடிவு தெரியாத மேற்கோளுக்குள் ஒரு பதிப்பாசிரியர் ஆண்டுக்கணக்கில் அலைந்தார் என்பதை அவள் நம்ப மறுத்தாள். "ஏன் ஐயா, அவர்கள் குறியே போடவில்லை?" என்றாள். ஓலை கிழியும் என்றேன். அவள் தன் கைந்நகத்தால் மேசையைக் கீறிப் பார்த்தாள்.

நிறத்தை இவ்வளவு போற்றிய நான், அதன் குறையையும் கூறியாக வேண்டும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத கண் பிறவியிலேயே சிலர்க்கு அமைகிறது. ஆண்பாலாரிடமே இது மிகுதி. ஐரோப்பிய வழியினரான ஆடவரில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பேர்க்கு இக்குறை உண்டு என்பர்; ஆசிய மக்களிடம் அவ்வளவு இல்லை எனினும், ஒரு பள்ளியில் சிலரேனும் இருப்பர். விளக்கவுரைக்குப் பச்சையும் தொடர்ச்சரத்துக்குச் சிவப்பும் தந்த பக்கம், அப்பிள்ளைகளுக்குப் பழைய ஓலையே. நல்ல ஒப்பனை ஏடுகளில் கட்டளை தடித்தும் விளக்கவுரை சாய்ந்தும் இருக்கக் காண்கிறோம்; அல்கால் காலத்து அச்சுக்கோப்பவர் கைக்கொண்ட வழியும் அதுவே.

இதனை எனக்கு உணர்த்தியவர் அந்த மூத்த ஆசிரியையே. பயிற்சி வகுப்பு முடிந்து ஓராண்டுக்குப் பின், பஃபலோ சாலையில் தேக்கா ஈரச்சந்தையின் வாயிலில் அவரைச் சந்தித்தேன். கையில் வாழைப்பூவும் கறிவேப்பிலையும் இருந்தன. நலம் விசாரித்த பின், "உங்கள் கோலத்தை எங்கள் பள்ளியிலும் போடத் தொடங்கிவிட்டார்கள், ஐயா" என்றார். அவர் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு நிறம் தெரியாதாம். மற்றப் பிள்ளைகள் 'சிவப்பைப் பார், பச்சையைப் பார்' என்று பேசிக்கொள்ள, அவன் வாய்மூடி இருந்தானாம். இவர் அப்பக்கத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்து, வீட்டுக்கு எடுத்துச் சென்றார். எழுவாய்க்கு ஒற்றைக் கோடும் பயனிலைக்கு இரட்டைக் கோடும் இட்டு முப்பது ஆண்டு வாக்கியம் கற்பித்த கை அது. கட்டளைக்கு இரட்டைக் கோடு, பெயருக்கு ஒற்றைக் கோடு, மேற்கோளுக்குச் சுற்றிலும் கட்டம், விளக்கவுரைக்கு ஓரத்தில் ஒரு வளைவு என்று எழுதுகோலால் குறித்து, மறுநாள் அவனிடம் கொடுத்தாராம்.

"படித்தானா?" என்று கேட்டேன்.

"படித்தான். இரண்டு இடத்தில் நான் கோடு மாற்றிப் போட்டுவிட்டேன் என்று திருத்தியும் கொடுத்தான்" என்றார்.